திக்கிய நாவும் தேடிய உள்ளமும்

பேசுவது எளிய செயல் என்று எண்ணுகிறவர்கள், பேச்சில் ஒரு நாளும் தடுமாறாதவர்களே ஆவர். விடுதிச் சாப்பாட்டறையில் இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று கேட்பதற்கோ, ரயில் நிலையத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குவதற்கோ நம்மில் பெரும்பாலோர் முன்கூட்டி ஆயத்தம் செய்துகொள்வதில்லை. திக்குவாய் உள்ளவர் நிலை வேறு. சொல்ல வேண்டியது இன்னதென்று அவருக்கு ஐயமறத் தெரியும். ஆனால் சொல்லின் முதல் எழுத்திலேயே நா நின்றுவிடுகிறது. சிலருக்கு அந்த எழுத்து மீண்டும் மீண்டும் வருகிறது. சிலருக்கு நீண்டுகொண்டே போகிறது. சிலருக்கு ஒலியே எழாமல் அடைத்துக்கொள்கிறது. மற்றச் சொற்களுக்கு வேறு சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தம் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? ஆதலால் தம் பெயரைச் சொல்வதே அவர்களுள் பலருக்குப் பெருஞ் சோதனையாக இருக்கிறது.

குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 5 பேருக்கு ஏதேனும் ஒரு பருவத்தில் இத்தடை தோன்றுகிறது. வளர்ந்தவர்களில் 100க்கு ஒருவர் அளவில் அது நிலைத்துவிடுகிறது. இத்தனை பேரை வாட்டும் ஒன்றைப் பற்றி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் முறையான ஆராய்ச்சி மிகக் குறைவாகவே நடந்திருந்தது. அந்தக் குறையைப் போக்கியவர்களுள் முன் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அமெரிக்கப் பேராசிரியர் வெண்டல் ஜான்சன். அவரே திக்குவாயர். அவருடைய வாழ்க்கையிலே போற்றத்தக்கன பல உண்டு. பெருங் கறை ஒன்றும் உண்டு. இரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வது, ஆராய்ச்சித் துறையில் இப்போதுதான் அடியெடுத்து வைக்கும் நம் போன்ற மாணவர்களுக்கு நலம் பயக்கும்.

கான்சாஸ் கிராமத்துச் சிறுவன்

வெண்டல் ஜான்சன் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கான்சாஸ் மாநிலத்தில், ராக்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். குடியானவர் குடும்பம். ஐந்து அல்லது ஆறு வயது வரையில் மற்றக் குழந்தைகளைப் போலவே பேசிக்கொண்டிருந்தார். பள்ளியில் சேர்ந்த பின்னர், பையனுக்குத் திக்குவாய் தொடங்குகிறது போலிருக்கிறது என்று ஆசிரியர் ஒருவர் பெற்றோரிடம் சொன்னார். அன்று முதல் வீட்டார் அவருடைய பேச்சைக் கவனிக்கத் தொடங்கினர். அவரும் தம் பேச்சைத் தாமே கவனிக்கத் தொடங்கினார். நாளடைவில் திக்கல் முற்றியது. இந்தச் சிறு நிகழ்ச்சி அவர் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை. பிற்காலத்தில் அவர் நாட்டிய கொள்கைக்கு வித்து இதுதான்.

படிப்பிலும் விளையாட்டிலும் அவர் கெட்டிக்காரர். பேச்சு ஒன்றுதான் வழிமறித்தது. அக்காலத்திலே திக்குவாயைப் போக்குவதாக விளம்பரம் செய்து கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் அமெரிக்காவில் இருந்தன. கையை வீசிக்கொண்டே அதன் தாளத்துக்கு ஏற்பப் பேசுவதும், ஒவ்வோர் அசையையும் அளந்து உச்சரிப்பதும் அங்கே கற்பிக்கப்பட்டன. பள்ளிக்குள் இருக்கும்வரை பேச்சு தங்கு தடையின்றி வரும். ஊருக்குத் திரும்பிய சில நாட்களில் பழைய குருடி கதவைத் திறடி என்ற நிலைதான். ஜான்சனும் அத்தகைய பள்ளி ஒன்றுக்குப் போய், போனபடியே திரும்பி வந்தார். கூழாங்கற்களை வாயில் அடக்கிக்கொண்டு பேசிப் பழகிப் பெரிய சொற்பொழிவாளர் ஆனார் என்று கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸைப் பற்றி வழங்கும் கதையை நாமும் பள்ளியில் கேட்டிருக்கிறோம். ஜான்சன் அதையும் செய்து பார்த்தார். கற்களால் பயன் விளையவில்லை.

உள்ளூரை அடுத்த மக்பர்சன் கல்லூரியில் இரண்டாண்டு படித்த பின்னர், 1926இல் அவர் அயோவா பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். இலக்கியம் பயில்வது ஒரு நோக்கம். திக்குவாயின் காரணத்தை அங்கே ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டது மற்றொரு நோக்கம். நோய் தீர வேண்டும் என்று மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. தம் குறை தீர வேண்டும் என்று ஒரு பல்கலைக் கழகத்தில் போய்ச் சேர்ந்து, அங்கேயே வாழ்நாள் முழுதும் தங்கிவிட்டவர் ஜான்சன்.

தம்மையே பரிசோதனைப் பொருளாக்கியவர்

அயோவாவில் மனோதத்துவத் துறைக்குத் தலைமை தாங்கியவர் கார்ல் சீஷோர். பேச்சுக் குறைகளை மருத்துவம், மனோதத்துவம், ஒலியியல் ஆகிய மூன்றும் கூடி ஆராய வேண்டும் என்று கண்டு, அதற்கென்றே லீ எட்வர்ட் டிராவிஸ் என்ற இளைஞரைப் பயிற்றி உருவாக்கினார் அவர். மூளை மருத்துவ அறிஞர் சாமுவேல் ஆர்ட்டனும் அக்காலத்தில் அங்கே இருந்தார். ஆர்ட்டனும் டிராவிஸும் கூறிய கொள்கை சுருக்கமாக இதுதான்: நாவும் உதடும் தாடையும் உடலின் இரு பக்கத் தசைகளால் இயங்குகின்றன. இரு பக்கமும் ஒரே கணத்தில் இயங்க வேண்டுமானால், மூளையின் ஒரு பாதி தலைமை ஏற்று மற்றப் பாதியை நடத்த வேண்டும். இயல்பாக இடக்கைப் பழக்கம் உள்ள குழந்தையை வற்புறுத்தி வலக்கைக்கு மாற்றினால், இரு பாதியும் தலைமைக்குப் போட்டியிடும். அப்போது பேச்சு தடுமாறும்.

இதை மெய்ப்பிக்க மாணவர்களே பரிசோதனைப் பொருள்களாயினர். ஜான்சனும் உடன்பட்டார். தசைகளின் மின்னோட்டத்தை அளக்க உடலெங்கும் கம்பிகள் பொருத்தினர். நடுக்கத்தைப் பதிவு செய்யக் குளிர்ந்த நீரில் உட்கார வைத்தனர். இடக்கைக்குப் பழக வேண்டும் என்பதற்காக வலக்கையை மாவுக்கட்டுப் போட்டு முடக்கினர். இடக்கைக்காரராக மாற அவர் ஏறத்தாழப் பத்தாண்டு முயன்றார். திக்கல் போகவில்லை. வேறொருவராயின் வெறுத்துப் போயிருப்பார். ஜான்சனோ, கொள்கை தவறாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். பெரிய அறிஞர்கள் சொன்ன கொள்கையைத் தம் உடம்பிலே சோதித்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று துணிந்து சொன்ன அந்த நேர்மை அவருடைய இளமைக்கு அழகு.

1928இல் இளங்கலைப் பட்டமும், 1929இல் முதுகலைப் பட்டமும், 1931இல் டாக்டர் பட்டமும் பெற்றார். முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆராய்ச்சி உரை தம் சொந்த வரலாறே. திக்குவாயன் ஒருவன் வகுப்பறையிலும் கடைத்தெருவிலும் நண்பர் கூட்டத்திலும் என்னென்ன அஞ்சுகிறான், எப்படியெல்லாம் ஒளிகிறான் என்பதை உள்ளிருந்தபடியே எடுத்துக்காட்டிய அந்த உரை 1930இல் நூலாக வெளிவந்தது. வெளியிலிருந்து அளக்கப்பட்டு வந்த ஒரு குறை, அதை அனுபவித்தவனுடைய வாய்மொழியாக ஆராய்ச்சிக்குள் வந்தது பெரிய திருப்பமாகும். இதற்கிடையே 1929இல் எட்னா என்னும் மங்கையை மணந்தார். மகன் ஒருவரும் மகள் ஒருவருமாக இரண்டு மக்கள் பிறந்தனர்.

எண்ணியும் அளந்தும் கண்டவை

அயோவாவிலேயே ஆசிரியராக அமர்ந்த ஜான்சன், 1930க்குப் பின் தம் மாணவர்களுடன் சேர்ந்து நடத்திய சோதனைகள் எளியவை. ஆனால் ஆழ்ந்த பொருளுடையவை. திக்குவாயர் ஒருவரிடம் ஒரு பகுதியைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வது. எந்தெந்தச் சொல்லில் திக்குகிறார் என்று குறித்துக்கொள்வது. அதே பகுதியை மீண்டும் மீண்டும் படிக்கச் சொல்வது. 1937இல் வெளிவந்த முடிவுகளில் இரண்டு செய்திகள் விளங்கின. ஒன்று, படிக்கப் படிக்கத் திக்கல் குறைகிறது. மற்றொன்று, எஞ்சும் திக்கல் பெரும்பாலும் முன்பு திக்கிய அதே சொற்களிலேயே வருகிறது. அதாவது திக்கல் குருட்டாம்போக்கில் வந்து விழுவதன்று. சொல்லைக் காணும்போதே, இதில் மாட்டிக்கொள்வோம் என்று நெஞ்சு முன்கூட்டி அஞ்சுகிறது என்று ஜான்சன் பொருள் கொண்டார்.

இன்னொரு சோதனை மேலும் வியப்பானது. தனியே படித்தால் திக்குகிறவர், மற்றொருவருடன் சேர்ந்து ஒரே குரலாகப் படித்தால் ஏறக்குறையத் திக்குவதே இல்லை. தாளத்தோடு படித்தாலும் அப்படியே. நம்மில் யாருக்கேனும் திக்குவாய் உள்ள பள்ளித் தோழர் இருந்திருந்தால், வாய்ப்பாடும் செய்யுளும் வகுப்போடு சேர்ந்து சொல்லும்போது அவர் தடுமாறாததைக் கவனித்திருக்கலாம். நாவில் ஊனம் இருந்தால் கூட்டமாகப் படிக்கும்போதும் அது இருக்க வேண்டுமல்லவா? ஆகவே குறை நாவில் இல்லை என்று அவர் துணிந்தார். திக்கி விடுவோமோ என்று அஞ்சி, அதைத் தடுக்க முயலும் அந்த முயற்சியே தசைகளை இறுக்கித் திக்கலாக வெளிப்படுகிறது என்பது அவர் கூறிய விளக்கம். மறைக்காமலும் போராடாமலும், இறுக்கமின்றித் திக்கப் பழகுங்கள்; அச்சம் தணியும்; அச்சம் தணிந்தால் திக்கலும் தணியும் என்று தம்மிடம் வந்தவர்களுக்குக் கற்பித்தார். தாமும் அவ்வழியே பழகினார். தம் பெயரைச் சொல்லத் தவித்த இளைஞர் பின்னாளில் பெரிய அவைகளில் சொற்பொழிவாற்றும் பேராசிரியராக விளங்கினார். திக்குவாய் உள்ள சார்லஸ் வான் ரைப்பர் என்ற இளைஞரும் அயோவாவிலே பயின்று டாக்டர் பட்டம் பெற்றுப் பின்னர் இத்துறையின் மற்றொரு தூணாக உயர்ந்தார்.

பெயர் சூட்டுவதால் வரும் கேடு

குழந்தைக்கு முதன்முதலில் இது எப்படித் தோன்றுகிறது? இக்கேள்விக்கு விடை தேடிய காலத்தில், போலந்து நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆல்பிரட் கார்ஸிப்ஸ்கி என்பவர் 1933இல் வெளியிட்ட பெரு நூல் ஒன்று ஜான்சன் கைக்குக் கிடைத்தது. சொல் வேறு, அது குறிக்கும் பொருள் வேறு என்பதை மறந்து, சொல்லையே பொருளென்று கொண்டு மனிதர் துன்புறுகின்றனர் என்பது அந்நூலின் சாரம். ஜான்சனுக்குத் தம் இளமை நினைவு மீண்டது. ஆசிரியர் ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் தம் வாழ்வையே மாற்றிவிட்டது!

எல்லாக் குழந்தைகளும் பேசக் கற்கும்போது சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன, தயங்குகின்றன. அதைக் கேட்ட தாயோ தந்தையோ திக்குவாய் என்று பெயரிட்டு, நிதானமாகப் பேசு, மூச்சை இழுத்துக்கொண்டு பேசு என்று திருத்தத் தொடங்கினால், குழந்தை தன் பேச்சைக் கண்டே அஞ்சுகிறது. அந்த அச்சத்தினால் உண்மையான திக்கல் உண்டாகிறது. குறை பிறப்பது குழந்தையிடத்தில் அன்று, கேட்பவரிடத்தில் என்பதே ஜான்சனின் கொள்கை. கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஒரு சொல்லால் வந்த கேட்டை, அச்சொல்லை விலக்கியே நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இதிலே அடங்கியிருந்தது. ஆனால் இனிமையான கொள்கையும் சான்றின்றி நில்லாது. சான்று தேடப் போன இடத்திலேதான் அவர் வழி தவறினார்.

டேவன்போர்ட் அநாதை விடுதி

அயோவா நகருக்குக் கிழக்கே, மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் டேவன்போர்ட் என்னும் ஊர் உள்ளது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் குழந்தைகளுக்காக ஏற்பட்ட அநாதை விடுதி ஒன்று அங்கே இருந்தது. 1930களின் பஞ்ச காலத்தில், வளர்க்க வழியற்ற பெற்றோர் விட்டுச் சென்ற குழந்தைகளும் அங்கே வளர்ந்தனர். 1939ஆம் ஆண்டு ஜனவரியில், மேரி டியூடர் என்ற முதுகலை மாணவி, ஜான்சனின் வழிகாட்டுதலின்படி அங்கே சென்றார். விடுதியில் இருந்த 256 குழந்தைகளிலிருந்து 22 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 10 பேர் திக்குவாயர் என்று கருதப்பட்டவர்கள். 12 பேர் இயல்பாகப் பேசியவர்கள்.

திக்குகிற 10 பேரில் 5 பேரிடம், உங்கள் பேச்சில் குறையில்லை என்று சொல்லப்பட்டது. இயல்பாகப் பேசிய 12 பேரில் 6 பேரிடம், உங்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடிந்தாலன்றி வாயைத் திறக்காதீர்கள் என்ற பொருளில் எச்சரிக்கை செய்யப்பட்டது. அந்த 6 பேரின் வயது 5 முதல் 15 வரை. விடுதியில் அவர்களை வளர்த்தவர்களிடமும் ஆசிரியர்களிடமும் அவ்வாறே சொல்லி, பேச்சைக் கண்காணித்துத் திருத்தச் சொன்னார்கள். எதற்காக இப்படிச் செய்கிறார்கள் என்று குழந்தைகளுக்குத் தெரியாது. உடன்படுகிறீர்களா என்று அவர்களைக் கேட்டவரும் இல்லை. அவர்கள் சார்பில் மறுத்துச் சொல்லத் தாய் தந்தையரும் அருகில் இல்லை. ஜனவரி முதல் மே வரை இது நடந்தது.

விளைவு என்ன? கொள்கைப்படி அந்த 6 பேரும் திக்குவாயராக மாறியிருக்க வேண்டும். பேச்சில் அத்தகைய திட்டமான மாறுதல் பதிவாகவில்லை. ஆனால் வேறொன்று நிகழ்ந்தது. கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் வாயடைத்துப் போயினர். ஒரு சொல்லில் விடை சொல்லிவிட்டுத் தலை குனிந்தனர். வகுப்பில் எழுந்து பேசக் கூசினர். டியூடருக்கே மனம் பொறுக்கவில்லை. ஆராய்ச்சி முடிந்த பின்னரும் மும்முறை விடுதிக்குச் சென்று, உங்கள் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று அக்குழந்தைகளுக்குத் தைரியம் சொல்லிப் பார்த்தார். சொல்லிய சொல்லைத் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆராய்ச்சி உரை 1939இல் பட்டத்துக்காக அளிக்கப்பட்டுப் பல்கலைக் கழக நூலகத்தில் சேர்க்கப்பட்டது. ஜான்சன் அதை அச்சிட்டு வெளியிடவில்லை. அயோவா மாணவர்கள் மட்டும் தமக்குள் அதற்கு அரக்க ஆராய்ச்சி என்ற பொருள்படப் பெயரிட்டு வழங்கி வந்தனர். பெயர் சூட்டுவது கேடு தரும் என்று நாட்ட விரும்பிய ஆராய்ச்சிக்கு வாய்த்த பெயர் அது.

புகழ் வளர்ந்த ஆண்டுகள்

வெளியுலகில் ஜான்சனின் புகழ் ஏறிக்கொண்டே சென்றது. திக்குவாய்க் குழந்தைகள் 46 பேரையும், ஒப்பிடுவதற்காக மற்றக் குழந்தைகள் 46 பேரையும் ஆராய்ந்து 1942இல் கட்டுரை வெளியிட்டார். திக்குவாய் என்று முதன்முதல் முடிவு செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பெற்றோர் முதலிய சாமானிய மக்களே என்று அதில் காட்டினார். 1943 முதல் 1955 வரை அயோவா பேச்சுச் சிகிச்சை நிலையத்தின் தலைவராக இருந்தார். 1946இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்று, சொற்களின் மயக்கத்தால் மனிதர் எவ்வாறு மனக்கலக்கம் அடைகின்றனர் என்பதைப் பொதுமக்களுக்கு விளங்க உரைத்தது. எட்டாத இலட்சியத்தை வைத்துக்கொள்வது, அது கைகூடாதபோது ஏமாறுவது, அதனால் சோர்ந்து போவது என்று துன்பத்தின் படிகளை அதில் வகுத்துக் காட்டினார். தேர்வு முடிவு வரும் காலத்தில் எந்த விடுதியிலும் காணக்கூடிய படிகள் இவை. 1950இல் அமெரிக்கப் பேச்சு, செவிப்புலன் சங்கத்தின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

கொள்கைக்குத் துணையாக அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று ஐடஹோ மாநிலத்துச் செவ்விந்தியரைப் பற்றியது. பானக், ஷோஷோனி என்னும் அம்மக்களின் மொழியில் திக்குவாயைக் குறிக்கும் சொல்லே இல்லை. ஆதலால் திக்குவாயரும் இல்லை என்று 1944இல் எழுதினார். சொல் இல்லையேல் நோயும் இல்லை என்ற இச்செய்தி உலகெங்கும் பரவியது. அம்மொழியை நன்கறிந்தவர்கள் பின்னர்ப் போய் விசாரித்தபோது, சொற்களும் இருந்தன, திக்குகிறவர்களும் இருந்தனர். 1983இல் இந்தத் திருத்தம் வெளியாயிற்று.

1959இல் அவருடைய பெரு நூல் வந்தது. 246 திக்குவாய்க் குழந்தைகளின் பெற்றோரையும், அதே எண்ணிக்கையில் மற்றக் குழந்தைகளின் பெற்றோரையும் பேட்டி கண்டு திரட்டிய செய்திகள் அதில் உள்ளன. தம் கொள்கைக்கு இது முடிவான சான்று என்று கருதினார். ஆனால் பிற்கால அறிஞர்கள் அதே செய்திகளைத் திரும்ப ஆராய்ந்தபோது வேறொன்று புலப்பட்டது. தயக்கம் எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு என்பது மெய். ஆயினும் எழுத்தையும் அசையையும் திருப்பிச் சொல்வதும் ஒலியை நீட்டுவதும் திக்குவாய்க் குழந்தைகளிடம் தொடக்கத்திலேயே மிகுதி. பெற்றோர் இல்லாததைக் கேட்கவில்லை, இருந்ததைத்தான் கேட்டனர். தம் கொள்கையை மறுக்கும் சான்றையும் மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார் ஜான்சன். அதைப் படிக்கும் கண்ணைத்தான் கொள்கை மறைத்துவிட்டது.

இருதய நோயால் நலிந்திருந்த போதிலும் அவர் எழுத்தை நிறுத்தவில்லை. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், 59ஆம் வயதில் அயோவா நகரில் காலமானார். அங்கே உள்ள பேச்சு, செவிப்புலன் நிலையம் அவர் பெயரையே தாங்கியது.

காலம் அளித்த தீர்ப்பு

அவர் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின், 2001இல், அமெரிக்க நாளேடு ஒன்று டேவன்போர்ட் ஆராய்ச்சியை விரிவாக வெளியிட்டது. அப்போதுதான், தாங்கள் ஏன் அன்று அப்படி நடத்தப்பட்டோம் என்பதை அந்த அநாதைக் குழந்தைகளில் உயிரோடிருந்தவர்கள் அறிந்தனர். அவர்கள் எழுபதை எட்டியவர்களாகவும் கடந்தவர்களாகவும் இருந்தனர். அயோவா பல்கலைக் கழகம் அவ்வாண்டே மன்னிப்புக் கேட்டது. வழக்குத் தொடரப்பட்டு, 2007இல் அயோவா அரசு, உயிரோடிருந்த மூவருக்கும் இறந்துபோன மூவரின் வாரிசுகளுக்குமாக 9,25,000 டாலர் கொடுக்க இசைந்தது. இல்லினாய் பல்கலைக் கழகத்து அறிஞர்கள் நிக்கோலின் ஆம்புரோஸும் எஹுத் யாய்ரியும் 2002இல் டியூடரின் பதிவுகளைத் திரும்ப ஆராய்ந்தனர். எந்தக் குழந்தையும் திக்குவாயராக மாறியதற்கு அதில் ஆதாரம் இல்லை என்றும், ஆயினும் ஆராய்ச்சி அறநெறிக்கு ஒவ்வாதது என்றும் முடிவு கூறினர். ஜான்சன் காலத்தில் இத்தகைய ஆராய்ச்சிகள் பல இடங்களில் நடந்தன என்று சிலர் சமாதானம் கூறுவர். காலத்தின் வழக்கம் ஒரு விளக்கமாகலாம். அந்த 6 குழந்தைகளுக்கு அது ஆறுதலாகாது. திக்குவாயன் என்ற ஒரு சொல் குழந்தை நெஞ்சை எப்படிச் சுடும் என்பதை உலகில் மற்ற எவரையும்விட நன்கு அறிந்தவர் ஜான்சன் என்பதுதான் இதிலே நெஞ்சை உறுத்துவது.

கொள்கைக்கும் காலம் தீர்ப்பு அளித்தது. திக்குவாய் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது என்றும், தொடங்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தாமே தேறிவிடுகின்றனர் என்றும் யாய்ரி குழுவினர் பல்லாண்டு தொடர்ந்து கண்டறிந்தனர். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் இருவருக்கும் இது சேர்ந்து வருவது மற்ற இரட்டையரைவிட மிகுதி. ஆகவே பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. 2010இல் டென்னிஸ் டிரேனா குழுவினர், பாகிஸ்தானைச் சேர்ந்த குடும்பங்களை ஆராய்ந்ததன் வழியே, இதற்குத் தொடர்புடைய மரபணுக்களை முதன்முதலாக அறிவித்தனர். மூளையின் இடப் பாதியில் பேச்சுக்குரிய பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் வேறுபாடு உண்டு என்று படமெடுத்துக் கண்டனர். மூளையை நோக்கிய டிராவிஸின் பார்வை, கையைப் பற்றிய பகுதி பிழையாயினும், ஒரு வகையில் மீண்டு வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த லிட்கோம்பில் உருவான சிகிச்சை முறையில், தடையின்றிப் பேசும்போது பெற்றோரே குழந்தையைப் பாராட்டுகின்றனர். திக்கும்போது எப்போதேனும் மென்மையாகச் சுட்டிக் காட்டுகின்றனர். ஜான்சன் கொள்கைப்படி இது நஞ்சாக வேண்டும். நியூசிலாந்தில் 54 சிறு குழந்தைகளிடம் சோதித்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி இது மருந்தாகவே இருந்தது. பெயரிடுவது தீங்கன்று, எந்த நெஞ்சோடு பெயரிடுகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் உள்ளன. இடைப்பட்ட ஆண்டுகளில், பிள்ளையின் திக்கலுக்குத் தாமே காரணம் என்று நம்பி மனம் வெந்த தாய்மார் எத்தனை பேரோ! அந்தப் பழியும் ஜான்சன் கொள்கையால் வந்ததே.

நாம் எண்ண வேண்டியது

அப்படியானால் ஜான்சனிடமிருந்து நிலைத்தது என்ன? அச்சமும் ஒளிவும் திக்கலை வளர்க்கின்றன என்று அவர் வளர்ந்தவர்களைப் பற்றிக் கண்டது இன்றும் சிகிச்சையில் பயன்படுகிறது. சேர்ந்து படித்தால் திக்கல் மறைகிறது என்ற அவருடைய சோதனை இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்கு விடை தேட வேண்டிய புதிராக உள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, திக்குவாயரை நகைப்புக்குரியவர் என்ற நிலையிலிருந்து, கேட்கத் தக்கவர் என்ற நிலைக்கு உயர்த்தியவர்களுள் அவர் ஒருவர்.

நம் வகுப்பிலோ விடுதியிலோ திக்கிப் பேசும் நண்பர் இருக்கக்கூடும். வேற்று மொழி வழங்கும் இந்த ஊரில், பழகாத இந்தியில் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லத் தயங்கும் நமக்கு, அந்தத் தயக்கத்தின் ஒரு சிறு கூறாவது தெரியும். அவர் சொல்ல வந்த சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நிதானமாகப் பேசு என்று அறிவுரை கூற வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் போதும்.

மனிதரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சி எதுவாயினும், நம் நாட்டில் நெறிமுறைக் குழுவின் இசைவு பெற்றே தொடங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. குழந்தைகளுக்கென்று தனி விதிகளும் உண்டு. முதுகலை ஆய்வுக்காக அந்தப் படிவங்களைப் பூர்த்தி செய்யும்போது, பக்கம் பக்கமாக எழுதுகிறோமே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். பெற்றோர் கையொப்பம் வாங்க வேண்டிய அந்தக் கோடிட்ட இடம், 1939இல் டேவன்போர்ட்டில் எவரும் கேளாத கேள்விக்காக ஒதுக்கப்பட்டது. ஜான்சன் தீயவர் அல்லர், துன்பமறிந்தவர், பிறர் துன்பம் நீங்க உழைத்தவர். அத்தகையவரே தம் கொள்கையின்மீது கொண்ட பற்றினால் 6 குழந்தைகளின் வாயை அடைத்தார். நல்லெண்ணம் மட்டும் போதும் என்று நம்புகிற ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும், அந்த இடத்தில் கையொப்பம் வாங்கும் முன் அவர் வரலாற்றை ஒரு முறை நினைத்துக்கொள்வது நன்று.